ஏணியைப் பற்றி அவர்கள் சொன்னது

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் யாருக்கும் ஏணி யார் என்று தெரியாது. ஏணியைப் பற்றி எல்லாம் தெரியும். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் முதல் வருஷத்திலேயே இடம் பிடித்தவள். அணியை அரையிறுதியில் ஜெயிக்க வைத்தவள். அடுத்த வாரம் இறுதி ஆட்டத்துக்கு வராமல் ஓடிப்போனவள். போட்டிக் கல்லூரிக்காரர்கள் ஒரு வேலையைக் காட்டி அவளை இழுத்துக்கொண்டார்கள் என்பது தீர்ந்துபோன விஷயம். இருபத்து நாலு வருஷமாக அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஏணி அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேன் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

கார், வேன் சீட்டுகளுக்கு உறை போடும் கடை. கல்லூரியின் உள்ளரங்கத்துக்கு நேர் எதிரே. சுவரோரம் ரெக்சின் சுருள்கள் நின்றன. நடுவில் வெட்டும் மேசை, அது கணவனுடையது. பின்பக்கம், பசை டப்பாக்களுக்கும் ஃபோம் அட்டைகளுக்கும் இடையில், தையல் மெஷின், அது அவளுடையது. கழற்றிக் கொண்டுவந்த சீட்டின் பழைய உறையைப் பிரித்து, அதையே அளவாக வைத்து அவன் வெட்டுவான். ஓரங்களில் பைப்பிங் என்கிற உருண்டைப் பட்டை கொடுத்து அவள் தைப்பாள். மேல் தட்டில் இருக்கும் சுருளை எடுக்க அவனுக்கு முக்காலி வேண்டும். அவளுக்கு வேண்டாம்.

கல்யாணமாகி வந்தபோதுதான் இந்தக் கடை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் வாரம், சாயங்காலம், எதிரே அரங்கத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. அவள் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, அந்த ஏணி நான்தான் என்று கணவனிடம் சொன்னாள். நடந்ததையும் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, "யார்கிட்டேயும் சொல்லிக்க வேண்டாம். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்தக் கூட்டம்தான்" என்றான். தன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறான் என்று நினைத்து அவள் சரி என்றாள். அவன் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைத்தது கடையை என்று புரிய அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

தினமும் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் வேன்காரர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். பிள்ளைகள் பேனாவால் குத்திக் குத்தி அவர் சீட்டுகள் எப்போதும் கிழிந்தே இருக்கும். ஏணி ஆடியதை அவர் நேரில் பார்த்திருக்கிறார்; கேலரியின் மேல் வரிசையிலிருந்து. மற்றவன் இரண்டு கடை தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவன். எந்த வருஷம் யார் எத்தனை பாயிண்ட் என்று மனப்பாடமாகச் சொல்வான் என்பதால் அவனுக்கு ரெக்கார்டு என்று பெயர். ஏணி ஆடியபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். பார்க்காதவன் என்பதால் அவன் சொல்லும் கதையில் விவரம் அதிகம்.

விசிறிகள் முகத்தைப் பார்ப்பதில்லை. பனியன் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். வேன்காரர் பத்து வருஷமாக அவள் கையிலிருந்து சில்லறை வாங்கியிருக்கிறார், தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த வருஷம் அணிக்கு ஒரு முதல் வருஷப் பெண் வந்திருந்தாள். ஸ்பிரிங் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"நேத்து பார்த்தியா? ஓடி வர்றதே இல்ல. நின்ன இடத்துலேருந்தே எழும்புது" என்றார் வேன்காரர்.

"எடது கைதான் இன்னும் சரியாகல. மத்தபடி குறை சொல்ல முடியாது."

"முழங்காலைக் கவனிச்சியா? புது வண்டி ஷாக் அப்சார்பர் மாதிரி."

"எடை ஏறாமப் பார்த்துக்கணும் அண்ணே. விடுதிச் சாப்பாடு. வந்தப்ப இருந்ததுக்கு இப்ப கன்னம் கொஞ்சம் உப்பிருக்கு."

"பதினெட்டு வயசு. இன்னும் ரெண்டு வருஷம் முழுசா நம்மகிட்ட இருக்கு."

நம்மகிட்ட. அவள் நூலை அறுத்தாள். அந்தப் பெண் யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறாள், ஊருக்குப் போன் பேசிவிட்டு வந்தால் ஏன் முகம் வாடியிருக்கிறது, எல்லாம் அவர்களிடம் இருந்தது. வாங்கப்போகிற வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்க்கிற மாதிரி பேசினார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதான் பயம்" என்றான் ரெக்கார்டு. "இன்னொரு ஏணி ஆயிடக் கூடாது. ஏணிக்குத் திறமை இருந்துச்சு. விசுவாசம் இல்ல."

"அதைச் சொல்லுங்க" என்று கணவன் சிரித்தான். ஏணியின் பெயர் வரும்போதெல்லாம் அவன் சிரிக்கிற சிரிப்பு அது. வாடிக்கையாளரின் நகைச்சுவைக்குக் கடைக்காரன் கொடுக்கிற சிரிப்பு.

அவர்கள் போன பிறகு அவள் கேட்டாள். "எதுக்குச் சிரிச்சீங்க?"

"கடைன்னா நாலு பேர் நாலும்தான் பேசுவாங்க."

"அவங்க பேசட்டும். நீங்க ஏன் சிரிச்சீங்க?"

"சும்மா வாய் வார்த்தை. அதையெல்லாம் பெருசா எடுத்துக்கிட்டு..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவன் எந்த வாக்கியத்தையும் அந்த இடத்தைத் தாண்டி முடித்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளுடைய அம்மா இறந்துபோனாள். அன்று மத்தியானமே அப்பா கல்லூரி விளையாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னார். கோச் எடுத்தார். சொல்லிவிடுகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. அவள் அன்று எல்லாரையும் விட அதிகமாகக் குதித்தாள், அதிகமாகச் சிரித்தாள். ஆட்டம் முடிந்து, அணியோடு நிற்க வைத்துப் படம் எடுத்து, அதற்குப் பிறகு கோச் அவள் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார். ஊர் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரையில் ஈரம்கூட இல்லை. சொந்தக்காரர்கள், போன் பண்ணி மூணு நாள் கழிச்சு வர்றாளே, பந்து அவ்வளவு பெருசாப் போச்சா என்றார்கள். அவர்களுக்கும் அவள் ஓடிப்போனவள்தான். வேறு பக்கம் ஓடிப்போனவள்.

அவள் திரும்பிக் கல்லூரிக்குப் போகவில்லை. தம்பிகள் இரண்டு பேருக்குச் சமைத்துப் போட்டாள். பை தைக்கிற ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, கனமான துணியில் ஊசி உடையாமல் தைக்கக் கற்றுக்கொண்டாள். தம்பிகள் வேலைக்குப் போன பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதன் பிறகு ஒரு நாளும் பந்தைத் தொடவில்லை. எந்தக் கல்லூரியும் எந்த வேலையும் அவளுக்குத் தரவில்லை. கோச் அதே கோச்தான். தலை முழுவதும் நரைத்து இப்போதும் எதிரே இருக்கிறார்.

சனிக்கிழமை அரையிறுதி என்றிருந்த வாரம், வியாழக்கிழமை, ரெக்கார்டு செய்தியோடு வந்தான். விடுதி வாட்ச்மேன் அவன் கடைக்கு முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க வந்தபோது சொன்னது.

"ஸ்பிரிங்கோட அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். தலையில ஏதோ ரத்தக்குழாய். நாளைக்கு ஆபரேஷன். லீவு கேட்டிருக்கு. கோச் சார் சனிக்கிழமை முடிஞ்சதும் போன்னு சொல்லிட்டார். அவர் கையெழுத்து இல்லாம கேட்ல வெளிய விட மாட்டாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றார் வேன்காரர். "ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

"அதானே. டாக்டருங்க பார்த்துக்குவாங்க. இது போயி கத்தியா பிடிக்கப் போகுது?"

"ஆனா அழுதுக்கிட்டிருக்காம். அழுதுட்டு ஆடினா ஆட்டம் வராதுப்பா."

"அதுக்குத்தான் சாயங்காலம் நாம போறோம். கேக் சொல்லிட்டேன். டிரம் எடுத்துக்கிட்டு விடுதி வாசல்ல நின்னு நாலு கோஷம் போட்டா தைரியம் வந்துரும். உங்க வேன் இருக்கா?"

"வேன் இருக்கு. திங்கள் வரைக்கும் ஸ்கூல் லீவு, சீட்டுதான் இங்க கிடக்கு. நின்னுக்கிட்டு வரட்டும் எல்லாரும்." வேன்காரர் வெட்டும் மேசைப் பக்கம் திரும்பினார். "நீங்களும் வாங்க அண்ணே. கடைத்தெருவே திரண்டு வந்ததுன்னு இருக்கட்டும்."

"வந்தாப் போச்சு" என்றான் கணவன்.

மெஷின் நின்றது. அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். எங்கே என்று கணவன் கேட்டது காதில் விழுந்தது.

விடுதியின் பார்வையாளர் அறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளும் கோப்பைகள் அடுக்கிய ஒரு கண்ணாடி அலமாரியும் இருந்தன. ஸ்பிரிங் வந்தாள். அரங்கத்தில் தெரிந்ததைவிடச் சின்னப் பெண். கண்கள் வீங்கியிருந்தன. உட்காரவில்லை.

"நீங்களும் தைரியம் சொல்லத்தான் வந்தீங்களா?"

"இல்ல."

"காலையிலேருந்து ஆறு பேர் வந்துட்டாங்க. யாருன்னே தெரியாது. நீங்க யாரு?"

"எதிர்ல சீட் கவர் கடை. ஏன் இன்னும் கிளம்பல நீ?"

"எப்படிக் கிளம்புறது? கையெழுத்து இல்ல. மீறிப் போனா ஏணின்னுதான் சொல்வாங்க." பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு அந்தக் கதை தெரியுமான்னு தெரியல. சேர்ந்த முதல் நாள் சார் எங்களை உக்கார வெச்சுச் சொன்னார். ஒருத்தி இருந்தா, இந்தக் காலேஜ் அவளுக்கு எல்லாம் குடுத்துச்சு, அவ நடுவுல விட்டுட்டு வேற காலேஜுக்கு ஓடிட்டா. அதனாலதான் சீசன் முடியற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாதுன்னு."

கோச்சின் வாயிலிருந்தே வந்திருக்கிறது. இத்தனை வருஷம் அவள் அதைக் கடைத்தெருப் பேச்சு என்று நினைத்திருந்தாள். கேலரியில் யாரோ கிளப்பி விட்டது, வாய் வாயாக வளர்ந்தது என்று நினைத்திருந்தாள். போனை எடுத்த மனிதர், சொல்லிவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்ன மனிதர், ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். அவளுடைய அம்மாவின் சாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வேலையை வைத்து.

"அது நான்தான்" என்றாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. "எங்க அம்மா செத்துட்டாங்கன்னு வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போன் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சப்புறம் எங்கிட்ட சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"சார்தான்."

பெண் அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். ஒரு தோள்பையோடு திரும்பி வந்தாள்.

"வாட்ச்மேன் கேட்டா?"

"அவருக்கு முழங்கால் வலி. உன்னைத் துரத்த மாட்டாரு. மூலையில நில்லு. வண்டி வரும்."

கடையில் வேன்காரரும் ரெக்கார்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக வெட்டும் மேசைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வண்டியை எடுங்க. விடுதி மூலையில ஒரு பொண்ணு பையோட நிக்குது. பஸ் ஸ்டாண்டுல விட்டு, பஸ் கிளம்பினப்புறம் வாங்க."

"எந்தப் பொண்ணு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவன் வேன்காரரின் முதுகைப் பார்த்தான். "இவங்களுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். நீங்க போறீங்களா, நான் நடந்து கூட்டிக்கிட்டுப் போகவா? தெரு முழுக்கப் பார்க்க?"

அவன் ஹெல்மெட்டை எடுத்தான். "என்ன அண்ணே, அவசரமா?" என்றார் வேன்காரர்.

"ஒரு டெலிவரி" என்றான் கணவன்.

அன்று சாயங்காலம் டிரம் அடித்தவர்கள் காலி அறையைப் பார்த்து அடித்தார்கள். சனிக்கிழமை அணி தோற்றது. எதிரே அரங்கத்தில் கூச்சல் எழும்பவே இல்லை.

திங்கட்கிழமை இருவரும் வந்தபோது கதை தயாராக இருந்தது.

"ஆஸ்பத்திரியாவது ஒண்ணாவது" என்றான் ரெக்கார்டு. "மூலையில ஒருத்தன் பைக்ல காத்துக்கிட்டு இருந்திருக்கான். இது ஓடிப்போய்ப் பின்னால ஏறிக்கிட்டுச்சு. வாட்ச்மேன் கண்ணால பார்த்திருக்கான்."

"யாருன்னு அடையாளம் தெரியலையா?"

"ஹெல்மெட் போட்டிருந்தானாம். இருபத்தஞ்சு வயசு இருக்கும். நல்ல வாட்டசாட்டமா, ஜிம்முக்குப் போற ஆளு மாதிரி."

வேன்காரர் தலையை ஆட்டினார். "ஏணி எவ்வளவோ தேவலை. அவளாவது ஒரு வேலைக்காகப் போனா. இவ காதலனுக்காக இல்ல போயிருக்கா."

"அம்மா பேரைச் சொல்லி அழுதுச்சே, அதுதான் எனக்குத் தாங்கல. என்னா நடிப்பு."

இந்த இடத்தில் கணவன் சிரிக்க வேண்டும். அவள் மெஷினை நிறுத்தவில்லை, ஆனால் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. கத்தரி ரெக்சினில் பாதி வழி போய் நின்றது.

"அது நான்தான்" என்றான் அவன்.

"எது?"

"பைக்ல வந்தது."

இருவரும் அவனுடைய தொந்தியைப் பார்த்தார்கள். ரெக்கார்டு வாய்விட்டுச் சிரித்தான். "அண்ணே, அண்ணி பின்னால இருக்காங்க. பார்த்துப் பேசுங்க."

"அந்தப் பொண்ணை பஸ் ஸ்டாண்டுல விட்டேன். வழி பூரா அழுதுக்கிட்டே வந்துச்சு. சட்டை முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு." அவன் கத்தரியைக் கீழே வைத்தான். "ஆபரேஷன் முடிஞ்சிடுச்சாம். கண்ணு முழிச்சிட்டாங்கன்னு நேத்து போன் பண்ணுச்சு. நடிப்பு கிடிப்புன்னு பேசாதப்பா."

ரெக்கார்டுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "அப்ப மேட்ச் போனது உங்களாலதான். உங்களுக்கு எதுக்கு அண்ணே இந்த வேண்டாத வேலை?"

கணவன் பழக்கதோஷத்தில் ஒதுங்க இடம் தேடினான். "இவதான் போகச் சொன்னா."

யாரோ ஒரு பெண்ணுக்காக அவன் பேசிவிட்டான். நாலு நாள் பழக்கத்தில். பத்து வருஷம் தன் பெயருக்கு அவன் சிரித்துக் கொடுத்ததை அவள் நினைத்துக்கொண்டாள். மெஷினை அணைத்து, எழுந்து, முன்பக்கம் வந்தாள். வேன்காரர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். "நீங்க சொல்ற ஏணியும் நான்தான். என்னை யாரும் எங்கேயும் இழுத்துக்கிட்டுப் போகல. எங்க அம்மா செத்துப்போயிருந்தாங்க. வெள்ளிக்கிழமை வந்த செய்தியை உங்க சார் ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் திறந்து சொல்லல. நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. முகத்தைக்கூடப் பார்க்கல."

வேன்காரர் மெல்ல எழுந்து நின்றார். அவர் முகத்தில் வந்தது வெட்கம் என்று ஒரு கணம் அவள் நினைத்தாள். அது சந்தோஷம்.

"ஒம்பதாம் நம்பர்" என்றார். "அட, நீங்களா? நான் இருந்தேம்மா அன்னிக்கு. மேல் வரிசை. கடைசி நிமிஷம், வளையத்துல பட்டுத் திரும்பின ரீபவுண்டை ரெண்டு பேர் மேல தாவி எடுத்தீங்களே, இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அந்த மாதிரி ஒரு ஆட்டத்தை நான் அப்புறம் பார்க்கவே இல்ல." அவர் டீ கிளாஸை மேசைமேல் வைத்தார். "சொல்லாம இருந்தாரே, நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா நீங்க ஆடியிருக்க மாட்டீங்க. அந்த செமி நம்ம கையை விட்டுப் போயிருக்கும்."

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை அவரிடம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மனதார, கண் கலங்க, பாராட்டுகிறார். அவளுடைய அம்மா இரண்டு நாள் அவளுக்காகக் கிடந்தது அவர் கணக்கில் ஒரு நல்ல முடிவு.

"உங்க சீட்டை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

"என்னம்மா?"

"சீட்டு. எடுத்துக்கிட்டுப் போங்க."

"இன்னும் உறை போடலையே. வெறும் ஃபோமா இருக்கு. நாளைக்குப் பிள்ளைங்க ஏறணும்."

"நான் தைக்க மாட்டேன். வேற கடை பாருங்க."

வேன்காரர் கணவனைப் பார்த்தார். எப்போதும் அவன்தான் நடுவில் வந்து சமாதானம் சொல்லுவான். நாளைக்குத் தந்துடலாம் அண்ணே, அவ ஏதோ கோபத்துல இருக்கா என்பான். கணவன் சுவரோரம் போனான். குனிந்து நீளச் சீட்டின் ஒரு முனையைத் தூக்கினான்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றான்.

வேன்காரர் பிடித்தார். பழைய உறை பிரித்த சீட்டு, மஞ்சள் ஃபோம் பொடி உதிர, இரும்புச் சட்டம் வாசல்படியில் இடித்துக்கொண்டு வெளியே போனது. திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார்கள்.

ரெக்கார்டு இருந்த இடத்திலேயே நின்றான். ஏதோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. மன்னிப்பு கேட்பான் போலிருந்தது.

"அக்கா" என்றான். "அந்த செமியில உங்க ரீபவுண்ட் எத்தனை? பாயிண்ட் எல்லார்கிட்டயும் இருக்கு. ரீபவுண்ட் கணக்குதான் யார்கிட்டயும் இல்ல."

அவள் அவனைப் பார்த்தாள். கடைசிச் சீட்டு சுவரோரம் இருந்தது.

"அது தனியாத் தூக்க முடியாது" என்றாள். "நீயும் ஒரு பக்கம் பிடி. பிடிச்சுக்கிட்டு அப்படியே வெளிய போ."